"கேஸ் இல்ல, சிலிண்டர் இல்ல, பயமே இல்ல"ன்னு விக்கிறாங்க: பிளாஸ்மா கட்டர் பத்தி ஒரு நீள இழை

1/ நேத்து ராத்திரி ஒரு ரீல்ஸ் பார்த்தேன். ரப்பர் செருப்பு, மடிச்சுக் கட்டின லுங்கி, கையில உறை கிடையாது, கண்ணுல பஸ் ஸ்டாண்டுல விக்கிற கூலிங் கிளாஸ். பிளாஸ்மா டார்ச்சைப் பிடிச்சு 8 எம்.எம். பிளேட்டைக் கரகரன்னு வெட்டறார் ஒருத்தர். பின்னாடி ஒரு குரல்: "கேஸ் இல்ல, சிலிண்டர் இல்ல, பயமே இல்ல. கரண்ட் இருந்தா போதும், நீங்களும் முதலாளிதான்." கீழே ஹார்ட்டா குவிஞ்சு கிடக்கு.

2/ "முகத்துக்கு ஷீல்டு போடுங்க சார், கையுறை போடுங்க"ன்னு மரியாதையா ஒரு கமெண்ட் போட்டேன். உடனே பதில்: "டாக்டர், நீங்க ஊசி போடற வேலையைப் பாருங்க, இரும்பு வெட்டறதை நாங்க பார்த்துக்கறோம். 15 வருஷமா இந்தத் தொழில், எனக்கு ஒண்ணும் ஆகல." என் கமெண்ட்டை விட அந்தப் பதிலுக்குத்தான் லைக் ஜாஸ்தி.

3/ சரி. ஊசி போடற வேலையைப் பத்தியே பேசறேன். இரும்பு வெட்டினவங்களுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு ஊசி போடறது நான்தானே. இழை நீளம். பட்டறை வெச்சிருக்கறவங்க, அங்க வேலை செய்றவங்க, வீட்டுல அப்படி ஒரு பிள்ளை இருக்கறவங்க முழுசா படிங்க.

4/ நான் இருக்கறது திருத்தணி. முருகன் சினம் தணிஞ்ச மலைங்கறதால தணிகைன்னு பேர். எனக்கு மட்டும் ஒரு வாரமா தணியல. மலையை விட்டு இறங்கினா அரக்கோணம் ரோடு, சித்தூர் ரோடு, திருப்பதி ஹைவேன்னு எந்தப் பக்கம் திரும்பினாலும் கிரில் கடை, ஷெட்டு போடறவங்க, லாரி பாடி வேலை, தறிக்கு பார்ட்ஸ் அடிக்கிற சின்னச் சின்னப் பட்டறை. முன்னாடி இங்கெல்லாம் கேஸ் கட்டிங்தான். இப்போ 20, 30 ஆயிரத்துக்கு இன்வெர்ட்டர் பிளாஸ்மா மெஷின் ஆன்லைன்லயே வந்துடுது. பெட்டியைப் பிரிச்சா உள்ள ஒரு சீன மொழி புக், அரைகுறை இங்கிலீஷ்ல ஒரு புக். தமிழ்லயும் கிடையாது, எல்லையோரத்துல பாதிப் பேர் பேசற தெலுங்குலயும் கிடையாது.

5/ இனி அந்தப் பையன் கதை. அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன். வயசு 19. ஐப்பசி மழை. ராத்திரி ஒரு மணிக்கு அம்மா கூட்டிட்டு வர்றாங்க. மூச்சு வாங்குது, இருமினா நுரை மாதிரி சளி. "சாயங்காலம் தொண்டை கரகரங்குதுன்னான் சார். ஒரு இடத்துல சளின்னு ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. படுத்தான், ஒரு மணி நேரத்துல இப்படி ஆயிடுச்சு." விரல்ல கிளிப் மாட்டினா ஆக்சிஜன் 81. எக்ஸ்ரேல ரெண்டு பக்க நுரையீரலும் பஞ்சு அடைச்ச மாதிரி வெள்ளை.

6/ 19 வயசுப் பையனுக்கு ஹார்ட் ஃபெயிலியர் மாதிரி நுரையீரல்ல தண்ணி கோர்த்திருக்கு. இதயம் நல்லா இருக்கு. காய்ச்சல் இல்ல. ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "இன்னைக்கு என்னப்பா வேலை பார்த்தே?"

7/ "கட்டிங் சார். ஷட்டரை இறக்கிட்டு மத்தியானத்துலேர்ந்து பிளேட்டு வெட்டினேன்." ஏன் ஷட்டரை இறக்கினேன்னு கேட்டேன். "சாரல் உள்ள அடிச்சுது சார், மெஷின் நனையும்னு அண்ணன் இறக்கச் சொன்னாரு." கேஸா, பிளாஸ்மாவான்னேன். "பிளாஸ்மாதான் சார். அதுல புகை கம்மி, ஒண்ணும் ஆகாதுன்னாரு."

8/ இந்த "புகை கம்மி"ங்கற ரெண்டு வார்த்தைதான் அந்தப் பையனைக் கொல்லப் பார்த்துச்சு. விஷயத்தைப் புரிஞ்சுக்கங்க. உங்க கம்ப்ரசர் தள்ளுற காத்துல 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். சாதாரணமா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கண்டுக்காது. அதை 20,000 டிகிரி ஆர்க் வழியா செலுத்தினா ரெண்டும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகுது. அதுல நைட்ரஜன் டை ஆக்சைடுதான் வில்லன். கண்ணுக்குப் புகையா தெரியாது. இரும்புல வர்ற புகை கண்ணுக்குத் தெரியுது, அதனால பயப்படறோம். இது தெரியாமலே உள்ள போகுது.

9/ அதோட மோசமான குணம் என்னன்னா, அது தண்ணியில சீக்கிரம் கரையாது. அம்மோனியா மாதிரி மூக்குலயும் தொண்டையிலயும் எரிச்சலைக் கிளப்பி, "ஓடு"ன்னு சொல்லாது. நேரா நுரையீரலோட அடி வரைக்கும் இறங்கி, அங்க ஈரத்தோட சேர்ந்து அமிலமா மாறி, மெதுவா வேலையைக் காட்டும். லேசா தொண்டை கரகரப்பு, கொஞ்சம் இருமல், அப்புறம் நாலஞ்சு மணி நேரம் ஒண்ணுமே இருக்காது. சில பேருக்கு ஒரு நாள் வரைக்கும் கூட. நல்லாயிட்டோம்னு நினைச்சுப் படுப்பாங்க. அதுக்கப்புறம்தான் நுரையீரல்ல தண்ணி கோர்க்கும். பட்டறையில இருக்கறப்போ ஆள் தெம்பா இருந்தான்னு முதலாளி சொல்றது பொய் இல்ல. அப்போ தெம்பாத்தான் இருப்பான்.

10/ 108-ல ஆக்சிஜன் போட்டுச் சென்னைக்கு அனுப்பினோம். சில நாள் வென்டிலேட்டர். பிழைச்சுட்டான். முழு நிம்மதின்னு சொல்ல முடியாது. இந்த வாயு பட்டவங்களுக்கு ரெண்டு மூணு வாரம் கழிச்சு, நுரையீரலோட மெல்லிய குழாய்கள் தழும்பாகி அடைச்சுக்கற ரெண்டாவது சுற்று வர வாய்ப்பு உண்டு. அதனால வாராவாரம் வரச் சொல்லியிருக்கேன். மாடி ஏறினா இன்னும் மூச்சு வாங்குது. போன வருஷம் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கிட்டு மலை ஏறின பையன் அவன்.

11/ முதல்ல ஊசி போட்டு அனுப்பின டாக்டர் மேல பாயாதீங்க. 10 வருஷம் முன்னாடி நானும் அதையேதான் செஞ்சிருப்பேன். எங்க ஆளுங்க மேலயும் கோபம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். 1700-லயே ராமஸ்ஸினின்னு ஒரு இத்தாலிய டாக்டர், தொழிலாளிகளோட வியாதிகளைப் பத்தி புத்தகம் எழுதி, நோயாளிகிட்ட "உன் தொழில் என்ன?"ன்னும் கேளுங்கய்யான்னு சொல்லிட்டார். 300 வருஷம் தாண்டிடுச்சு. நம்ம ஓ.பி. சீட்டுல பேர், வயசு, ஊர், சுகர், பி.பி. எல்லாம் இருக்கு. தொழில்னு ஒரு கட்டம் இல்ல.

12/ "அப்போ கேஸ் கட்டிங்கே நல்லதா?"ன்னு கேப்பீங்க. அப்படிச் சொல்லல. நியாயமா பேசணும். அசிட்டிலின் சிலிண்டர் பட்டறைக்குள்ள இல்லங்கறது பெரிய விஷயம். பின்னாடி தீ பாயறது, ஹோஸ் கசியறது, சிலிண்டர் சாயறது, இதெல்லாம் பிளாஸ்மாவுல கிடையாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியம் எல்லாம் வெட்டும். பிளேட் வளையாது. நல்ல மெஷின்தான். "பயமே இல்ல"ன்னு சொல்லி விக்கிறதுதான் அயோக்கியத்தனம். ஒரு ஆபத்தை எடுத்துட்டு வேற நாலு ஆபத்தை வைக்கிறாங்க, அதுல ஒண்ணு கூட கண்ணுக்குத் தெரியாது.

13/ இடையில ஒரு சின்ன விஷயம். இந்தப் பிளாஸ்மா டார்ச்சை 1950-கள்ல உருவாக்கினது யூனியன் கார்பைடு கம்பெனியோட லிண்டே பிரிவுல ராபர்ட் கேஜ்ங்கறவர். 1957-ல காப்புரிமை. ஆமா, போபால் யூனியன் கார்பைடுதான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா வாயு, நுரையீரல், நடுராத்திரின்னு பேசறப்போ அந்தப் பேர் ஞாபகம் வராம இருக்க மாட்டேங்குது.

14/ அடுத்தது கரண்ட். "வெல்டிங் மெஷின்ல கை பட்டா சுருக்குனு இருக்கும், அவ்ளோதான்"னு பழகினவங்கதான் இதுல மாட்டிக்கறாங்க. வெல்டிங் மெஷின் சும்மா ஓடறப்போ ஹோல்டர்ல 60லேர்ந்து 80 வோல்ட் இருக்கும். பிளாஸ்மா டார்ச்சுல 250, 300, சில மெஷின்ல அதுக்கு மேலயும் போகும், அதுவும் டி.சி. ரெண்டையும் ஒரே மாதிரி நினைக்கறது பச்சைப் பாம்பையும் நல்ல பாம்பையும் ஒண்ணா நினைக்கற மாதிரி.

15/ "ஆர்.சி.சி.பி. போட்டிருக்கேன் டாக்டர், ஷாக் அடிச்சா ட்ரிப் ஆயிடும்." ஆகாது. தயவுசெஞ்சு இதை மட்டுமாவது மனசுல ஏத்திக்கங்க. ஆர்.சி.சி.பி. பார்க்கறது மெஷினுக்கு உள்ள வர்ற லைனை. டார்ச்சுக்குப் போற லைன் மெஷினுக்குள்ள இருக்கற டிரான்ஸ்ஃபார்மரால தனியா பிரிஞ்சது. டார்ச்சுக்கும் எர்த் கிளாம்ப் மாட்டின பிளேட்டுக்கும் நடுவுல உங்க உடம்பு மாட்டினா, அந்த கரண்ட் மெஷினுக்கே திரும்பிப் போகும். ஆர்.சி.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. அது வீட்டு வயரிங்குக்கு அவசியம், போடுங்க. இங்க உங்களைக் காப்பாத்தப் போறது காய்ஞ்ச கையுறையும் காய்ஞ்ச ஷூவும்தான்.

16/ காய்ஞ்சங்கற வார்த்தையைக் கவனிங்க. திருத்தணி கத்திரி வெயில் எப்படின்னு டி.வி.யில் தினமும் சொல்றாங்க. 40-ஐத் தாண்டற நாள்ல தகர ஷெட்டுக்குள்ள வேர்வையில நனைஞ்ச பனியன், நனைஞ்ச கை, வெறும் காலு இரும்பு பிளேட் மேல. ஈரமான தோல்ல கரண்ட் போற வழி சுலபமாயிடுது.

17/ நாசில் மாத்தறப்போதான் பெரும்பாலும் நடக்குது. டிப் தேய்ஞ்சுடுச்சு, மெஷின் ஓடிட்டே இருக்கு, அப்படியே கழட்டிப் புதுசு மாட்டறாங்க. நல்ல மெஷின்ல மூடியைக் கழட்டினா ட்ரிகர் வேலை செய்யாத மாதிரி ஒரு பாதுகாப்பு உண்டு. மலிவு டார்ச்சுல அதை நம்ப முடியாது. சில இடத்துல "அடிக்கடி நின்னு போகுது"ன்னு அதை நேர் பண்ணி வெச்சிருக்காங்க. டிப் மாத்தணும்னா சுவிட்ச்சை அணைங்க, முடிஞ்சா பிளக்கையே பிடுங்குங்க. பத்து விநாடி. அந்தப் பத்து விநாடியில எந்த முதலாளியும் ஏழையாகப் போறதில்ல.

18/ இன்னொண்ணு. பைலட் ஆர்க் உள்ள டார்ச்சு இரும்பைத் தொடாமலே, காத்துலயே எரியும். ட்ரிகர்ல விரல் பட்டா போதும். டார்ச்சை அக்குள்ல இடுக்கிக்கிட்டு பிளேட்டைப் புரட்டறது, ட்ரிகர் லாக் பண்ணாம கீழே வெக்கறது, இதெல்லாம் செய்றவங்களைத் தினமும் பார்க்கறேன். உள்ளங்கையில துளை விழுந்த ஒருத்தருக்குக் கட்டுப் போட்டேன். தோல் கையுறை போட்டிருந்தார். பொறிக்குத்தான் கையுறை தாங்கும், ஆர்க்குக்கு இல்ல. அதனால வெட்டற கோட்டுக்குப் பக்கத்துல இன்னொரு கை இருக்கவே கூடாது. பிளேட்டைப் பிடிக்க கிளாம்ப் இருக்கு.

19/ இப்போ கண்ணு. எங்க ஓ.பி.யில இதுதான் அதிகம். ராத்திரி 10 மணிக்கு மேல, ரெண்டு கண்ணையும் துண்டால பொத்திக்கிட்டு, தம்பியோ பொண்டாட்டியோ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வருவாங்க. "கண்ணுல மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு சார்." ஆர்க்குலேர்ந்து வர்ற புற ஊதாக் கதிர் கருவிழியோட மேல்தோலைச் சுட்டுடுது. வெயில்ல தோல் கருகி உரியற மாதிரிதான். பட்ட உடனே தெரியாது, 6லேர்ந்து 12 மணி நேரம் கழிச்சுத்தான் வலி. வெட்டினவனை விட பக்கத்துல பிளேட்டைப் பிடிச்சிருந்த ஹெல்பர் பையன்தான் அதிகமா வருவான். வெட்டறவர்கிட்டயாவது ஒரு கண்ணாடி இருக்கும். பையனுக்கு "தலையைத் திருப்பிக்கோடா"தான் பாதுகாப்பு.

20/ இதுக்கு ஊர் வைத்தியம் மூணு. தாய்ப்பால் விடறது, உருளைக்கிழங்கை வெட்டி வெக்கறது, மெடிக்கல் ஷாப்ல "வெல்டிங் டிராப்ஸ்" கேக்கறது. இந்தப் பக்கம் கை கால் உடைஞ்சா பஸ் ஏறி ஆந்திராவுல இருக்கற புத்தூருக்குக் கட்டுப் போடப் போவாங்க. கண்ணுக்கு அவ்வளவு தூரம் கூட போறதில்ல, தெருமுனை மெடிக்கல்தான். தாய்ப்பால், கிழங்கு எல்லாம் கிருமி சேர்க்கும், குளிர்ச்சியா இருக்கறதைத் தவிர ஒரு பிரயோஜனமும் இல்ல. ஆனா நான் பயப்படறது மூணாவதுக்குத்தான்.

21/ அந்த "வெல்டிங் டிராப்ஸ்" சில இடத்துல மரத்துப் போக வெக்கற மருந்து. நாங்க கண்ணைப் பரிசோதிக்கறப்போ ஒரு சொட்டு விடறது. விட்டா ஒரு நிமிஷத்துல வலி போயிடும், சொர்க்கம் மாதிரி இருக்கும். 20 நிமிஷத்துல திரும்ப வரும். திரும்ப விடுவாங்க. அது புண் ஆறவிடாது. ரெண்டு மூணு நாள் தொடர்ந்து விட்டா கருவிழியே கரைஞ்சு போற அளவுக்குப் போகலாம். இன்னும் சில இடத்துல ஸ்டீராய்டு சொட்டு கொடுக்கறாங்க. கண்ணுல இரும்புத் தூள் பட்டு ஏற்கெனவே ஒரு கீறல் இருந்து, அதுல பூஞ்சை ஒட்டியிருந்தா, ஸ்டீராய்டு அதுக்கு உரம் போடற மாதிரி. நம்ம தமிழ்நாட்டுல கருவிழியில பூஞ்சைப் புண் சாதாரணமா வர்றது. பரிசோதிக்காம அந்தச் சொட்டை விக்கிற மெடிக்கல்காரர் யாரா இருந்தாலும், அண்ணே, நீங்க ஒருத்தனோட கண்ணை 40 ரூபாய்க்கு விக்கறீங்க.

22/ சாதாரண ஆர்க் கண்ணு 24லேர்ந்து 48 மணி நேரத்துல தானா ஆறிடும். வலி மாத்திரை, கண்ணீர் மாதிரி ஈரப்படுத்தற சொட்டு, கிருமி வராம ஒரு மருந்து, இருட்டான ரூம், கசக்காம இருக்கறது, இவ்வளவுதான். ஆனா ஒரு கண்ணுல மட்டும் வலி, கிரைண்டர் ஓடறப்போ "டக்"குனு ஏதோ பட்ட மாதிரி இருந்துச்சு, பார்வை மங்கல், இதுல ஒண்ணு இருந்தாலும் அது வேற கதை. இரும்புத் துகள் கண்ணைத் துளைச்சு உள்ளயே போயிருக்கலாம். உள்ள தங்கின இரும்பு துரு மாதிரி கரைஞ்சு மாசக்கணக்குல விழித்திரையைச் சாகடிக்கும். கூட வேலை செய்றவர் கைக்குட்டை முனையால எடுக்கறது, ஊசியால நோண்டறது, நாக்கால எடுக்கற பாட்டிகிட்ட போறது எல்லாம் வேண்டாம். கண் டாக்டர்கிட்ட போங்க. அவசரம்னா எழும்பூர் கண் ஆஸ்பத்திரி இருக்கு. 1819-லேர்ந்து நடக்குது, காசு கேக்க மாட்டாங்க.

23/ ஷீல்டு ஏன் போடமாட்டேங்கறாங்கன்னு ஒரு பத்துப் பட்டறையில போய்க் கேட்டேன். திமிருன்னு நினைச்சேன். இல்ல. காரணம் நியாயமா இருந்துச்சு: "போட்டா கோடு தெரியல சார்." ஏன்னா அவங்ககிட்ட இருக்கறது வெல்டிங்குக்கான 10, 11 நம்பர் கறுப்புக் கண்ணாடி. 40 ஆம்பியர் பிளாஸ்மாவுக்கு அது ரொம்ப இருட்டு. 40 ஆம்பியர் வரைக்கும் 5, 60 வரைக்கும் 6, அதுக்கு மேல 8 நம்பர். கண்ணாடியை மாத்தினா கோடு பளிச்சுனு தெரியும், ஷீல்டும் முகத்துலயே இருக்கும். நூத்துக்கணக்குல ரூபாய், ஆயிரக்கணக்குல இல்ல. வாங்கறப்போ நம்பர் அச்சடிச்சிருக்கான்னு, ஐ.எஸ். 1179 தரம் போட்டிருக்கான்னு பாருங்க. பஸ் ஸ்டாண்டு கூலிங் கிளாஸ் பக்கவாட்டுல ஒளியை அப்படியே விடும். ஹெல்பருக்கும் ஒண்ணு, சேர்த்தே வாங்குங்க.

24/ ஜி.ஐ. ஷீட் வெட்டினவங்களுக்கு ராத்திரி குளிர் ஜுரம் வரும். வாயில உலோக ருசி, உடம்பு வலி, நடுக்கம். காலையில சரியாயிடும். டெங்குவோ மலேரியாவோன்னு டெஸ்ட் எடுத்துட்டு வருவாங்க. துத்தநாகப் புகையால வர்ற ஜுரம் அது. தொடர்ந்து வேலை செஞ்சா உடம்பு பழகிடும், ஞாயித்துக்கிழமை லீவு விட்டா திங்கட்கிழமை திரும்ப வரும். "பால் குடிங்க, வெல்லம் சாப்பிடுங்க, வாழைப்பழம் சாப்பிட்டா இரும்பு கரைஞ்சு வெளிய போயிடும்"னு முதலாளிங்க கொடுக்கறாங்க. பையனுக்குப் பழம் வாங்கித் தர்ற மனசை நான் குறை சொல்லல. ஆனா பழம் போறது வயித்துக்கு, புகை போறது நுரையீரலுக்கு. ரெண்டுக்கும் வேற வேற குழாய்.

25/ எஸ்.எஸ். வெட்டினா இன்னும் மோசம். அதுல இருக்கற குரோமியம் சூட்டுல ஆறாம் நிலை குரோமியமா மாறுது, கூடவே நிக்கல். ரெண்டும் புத்துநோய் உண்டாக்கறவை. வெல்டிங் புகையையே உலக சுகாதார நிறுவனத்தோட புத்துநோய் ஆராய்ச்சி அமைப்பு 2017-ல முதல் பட்டியல்ல சேர்த்துடுச்சு. சிகரெட் இருக்கற அதே பட்டியல். கேட்டு, கைப்பிடி எல்லாம் இப்போ எஸ்.எஸ்.தான் வேணுங்கறாங்க வீடு கட்டறவங்க. பளபளன்னு இருக்கு, சரி.

26/ "மாஸ்க் போட்டுக்கறோம் டாக்டர்." கொரோனா காலத்துத் துணி மாஸ்க் இதுக்குச் செல்லாது. என்-95 உலோகத் தூளை ஓரளவு பிடிக்கும், நைட்ரஜன் டை ஆக்சைடையும் ஓசோனையும் பிடிக்காது, அது வாயு. அதனால மாஸ்கை விட ஷட்டர் முக்கியம். ஷட்டர் திறந்திருக்கணும். எதிர்ச் சுவத்துல எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடணும். காத்து உங்களுக்கு ஒரு பக்கத்துலேர்ந்து மறுபக்கம் போகணும். முதுகுக்குப் பின்னாடி ஃபேன் வெச்சா, உங்க உடம்பே தடுப்பா நின்னு புகையை முகத்துக்கு முன்னாடி சுழல வெக்கும். குனிஞ்சு, வெட்டுக்கு நேர் மேல மூஞ்சியை வெச்சுக்கிட்டு வெட்டாதீங்க. மழை பெஞ்சா மெஷின் மேல தார்ப்பாய் போடுங்க, வேலையை நாளைக்குத் தள்ளுங்க.

27/ பிளேட்டுல எண்ணெய்ப் பிசுக்கு போகணும்னு குளோரின் கலந்த கிளீனர் அடிச்சுட்டு வெட்டற பழக்கம் இருந்தா இன்னைக்கே நிறுத்துங்க. ஆர்க் வெளிச்சமும் சூடும் அந்த ஆவியைப் பாஸ்ஜீனா மாத்தும். முதல் உலகப் போர்ல ஆளைக் கொல்லப் பயன்படுத்தின வாயு. பிரேக் கிளீனர் சிலதுலயும் குளோரின் உண்டு, லேபிளைப் பாருங்க.

28/ டிரம். இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது. தின்னர், டீசல், பெட்ரோல், கெமிக்கல் இருந்த காலி டிரம்மைத் தண்ணித்தொட்டி ஆக்கறதுக்கு, அடுப்பு ஆக்கறதுக்கு வெட்டறது. காலி டிரம்தான் நிறைஞ்ச டிரம்மை விட ஆபத்து. உள்ள ஆவியும் காத்தும் சரியான அளவுல கலந்து, ஒரு பொறிக்காகக் காத்துக்கிட்டு இருக்கு. "தண்ணி விட்டுக் கழுவிட்டோம்"னா போதாது. மடிப்புல ஒட்டியிருக்கற எண்ணெய் சூட்டுல மறுபடியும் ஆவியாகும். லாரி டேங்கருக்கும், பைக் டேங்குக்கும் இதேதான். அந்த வேலை வந்தா திருப்பி அனுப்புங்க.

29/ பொறி 35 அடி, அதாவது சுமார் 11 மீட்டர் வரைக்கும் பறக்கும்னு வெச்சுத்தான் உலகம் பூரா பாதுகாப்பு விதி எழுதியிருக்காங்க. நம்ம பக்கம் தறி ஓடற தெருவுலயே பட்டறையும் இருக்கு. அடுத்த சுவர்ல பஞ்சுக் கழிவு மூட்டை. 1996-ல ஜெர்மனியில டுசல்டார்ஃப் விமான நிலையத்துல முனையத்துக்கு மேல இருந்த சாலையில யாரோ வெல்டிங் செய்யப் போய், பொறி விழுந்து, 17 பேர் செத்தாங்க. விமான நிலையத்துக்கே அந்தக் கதி. வேலை முடிஞ்சு அரை மணி நேரம் இருந்து, எங்கயாவது கங்கு இருக்கான்னு பார்த்துட்டு ஷட்டரைப் பூட்டுங்க. ஒரு வாளி மணலாவது இருக்கட்டும்.

30/ இப்போ "15 வருஷமா எனக்கு ஒண்ணும் ஆகல" அண்ணனுக்கு வர்றேன். அண்ணே, நீங்க நல்லா இருக்கறதுல எனக்குச் சந்தோஷம். ஆனா கண்ணு போனவன் ரீல்ஸ் போட மாட்டான். ஆக்சிஜன் மாட்டிக்கிட்டு இருக்கறவன் "எனக்கு ஆயிடுச்சு"ன்னு கமெண்ட் போட மாட்டான். நீங்க பார்க்கறது தப்பிச்சவங்களை மட்டும்தான், நான் பார்க்கறது மத்தவங்களை. அப்புறம் 15 வருஷத்துல உங்ககிட்ட வேலை செஞ்சு போன பசங்க எத்தனை பேர், இப்போ எப்படி இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்.

31/ "பையன் கவனமா இல்ல." ஒவ்வொரு முதலாளியும் சொல்ற வசனம். கவனமா இருக்க அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிச்சவனுக்காவது பாதுகாப்புன்னு ஒரு பாடம் உண்டு. உங்க பட்டறைக்கு வர்றவன் பத்தாவதோட நின்ன சொந்தக்காரப் பையன். ஷட்டரை இறக்கச் சொன்னது நீங்க. கையுறை வாங்காதது நீங்க. அவன் செஞ்ச ஒரே தப்பு சொன்னதைச் செஞ்சது.

32/ சட்டம் எங்க போச்சுன்னு கேக்கறீங்களா? இருக்கு. 1948 தொழிற்சாலைச் சட்டத்துல 35-வது பிரிவு கண்ணுப் பாதுகாப்பா இருந்துச்சு. 37-வது பிரிவு, எரியக்கூடிய பொருள் இருந்த டேங்கை அதை முழுசா நீக்காம வெட்டக் கூடாதுன்னு சொல்லிச்சு. அன்னைக்கே எழுதி வெச்சிருக்காங்க. ஆனா அந்தச் சட்டம் பொருந்தினது மின்சாரம் வெச்சு 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை செஞ்ச இடத்துக்கு. நம்ம தெருப் பட்டறையில மூணு பேர். 2020-ல கொண்டு வந்த புதுச் சட்டத் தொகுப்புல அந்த 10-ஐ 20 ஆக்கிட்டாங்க. ஓட்டையை அடைக்கறதுக்குப் பதிலா பெருசாக்கியிருக்காங்க. நுரையீரலுக்கு ஆள் எண்ணத் தெரியாது.

33/ ஒண்ணு மட்டும் கையில இருக்கு. 1923-லேர்ந்து இருக்கற இழப்பீட்டு உரிமை. வேலையால வந்த காயத்துக்கு முதலாளி ஈடு கட்டணும். அதனாலதான் ஆஸ்பத்திரிக்குக் கூட வர்றவங்க என் காதுல வந்து "வீட்டுல வழுக்கி விழுந்துட்டான்னு எழுதுங்க சார்"ங்கறாங்க. எழுத மாட்டேன். சக டாக்டர்களே, நீங்களும் எழுதாதீங்க. ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்ல எங்க, என்ன மெஷின், எத்தனை மணிக்குன்னு எழுதுங்க. நாளைக்கு அந்தக் குடும்பத்துக்கு இருக்கப் போற ஒரே சாட்சி அந்த ஒரு வரிதான். பெத்தவங்களே, அதோட நகலைக் கேட்டு வாங்கி வெச்சுக்கங்க.

34/ சுட்டுட்டா என்ன செய்யறது? குழாய்த் தண்ணி, 20 நிமிஷம், கடிகாரம் பார்த்து. ஐஸ் வேண்டாம். இங்க், பற்பசை, இட்லி மாவு எதுவும் வேண்டாம், அதைக் கழுவி எடுக்கறதுக்கே எங்களுக்கு அரை மணி ஆகுது, பையன் அலறுவான். ஷாக் அடிச்சா முதல்ல மெயினை அணைங்க, அப்புறம் தொடுங்க. பேச்சு மூச்சு இல்லன்னா நெஞ்சை அழுத்த ஆரம்பிச்சுட்டு 108. ஷாக் அடிச்சு எழுந்து நடந்தாலும் ஒரு இ.சி.ஜி. எடுங்க. மூடின இடத்துல வெட்டிட்டு வந்து தொண்டை கரகரங்குதுன்னா வீட்டுல படுக்க வெக்காதீங்க. ஆஸ்பத்திரிக்கு வந்து "பிளாஸ்மா கட்டிங், மூடின ரூம்"ங்கற வார்த்தையைச் சொல்லுங்க. நாங்க கேக்க மறந்தாலும் நீங்க சொல்லுங்க. பேஸ்மேக்கர் வெச்ச பெரியவங்க பட்டறையில இருந்தா, மெஷினைப் போடறதுக்கு முன்னாடி உங்க கார்டியாலஜிஸ்ட்டைக் கேளுங்க.

35/ இந்த இழையை எழுதறதுக்கு முன்னாடி அந்தப் பட்டறைக்கு நேர்லயே போனேன். முதலாளி என் வயசுக்காரர்தான், கெட்ட மனுஷன் இல்ல. ஆஸ்பத்திரிச் செலவுல ஒரு பங்கு கொடுத்திருக்கார். மெஷினைக் காட்டினார். ஆயுத பூஜைக்கு வெச்ச சந்தனமும் குங்குமமும் அப்படியே காய்ஞ்சு ஒட்டியிருக்கு, கேபிள்ல காய்ஞ்ச மாலை. பூஜைக்கு என்ன செலவாச்சுன்னு கேட்டேன். பொரி, பழம், பசங்களுக்குத் துணி எல்லாம் சேர்த்து சொன்னார். அந்தக் காசுல எக்ஸாஸ்ட் ஃபேன், ரெண்டு ஷீல்டு, நாலு ஜோடி கையுறை வாங்கி மிச்சமும் இருக்கும். துணியும் கொடுங்க, அதையும் வாங்குங்கன்னேன். "மெஷின் வித்தவன் இதெல்லாம் சொல்லவே இல்ல சார்"ன்னார். அது உண்மைதான். விக்கிறவங்களே, தமிழ்லயும் தெலுங்குலயும் ஒரே ஒரு பக்கம் அச்சடிச்சுப் பெட்டிக்குள்ள போட உங்களுக்கு என்ன ஆகும்?

36/ ஃபேன் மாட்டிட்டாரான்னு இன்னும் பார்க்கல. வியாழக்கிழமை பையன் ரிவியூவுக்கு வர்றான், அவன்கிட்டயே கேக்கணும். அவன் திரும்ப அங்கயே வேலைக்குப் போகணும்னு சொல்றான். நைனாவுக்கு உடம்பு சரியில்ல, தங்கச்சி பிளஸ் ஒன். சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. ஓ.பி. முடிச்சுட்டு ராத்திரி வந்து பதில் போடறேன்.